மிஸ்டெக்: இயந்திரமில்லாத ஒரு மரக்கலத்தின் முப்பத்தோரு ஆண்டுகள்

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் ஒயிட்ஃபிஷ் பாயின்ட்டுக்குப் போயிருக்கிறீர்கள். உடன்வந்தவர் அங்கே ஒரு கதை சொல்லியிருக்கிறார். ‘மைரன்’ என்ற நீராவிக் கப்பல் ‘மிஸ்டெக்’ என்ற பார்ஜை, அதாவது மரத்தால் கட்டிய, இயந்திரமில்லாத சரக்குக் கலத்தை, இழுத்துக்கொண்டு வந்தது. 1919 புயலில் மைரன் மூழ்க, பார்ஜ் தப்பியது. இரண்டு ஆண்டு கழித்து அதே பார்ஜ், மைரன் கிடக்கும் இடத்துக்கே போய்ப் பக்கத்தில் படுத்துவிட்டது. ‘துணையைத் தேடிப் போயிற்று’ என்று அவர் சொல்ல, உங்களுக்கு அது உறுத்தியிருக்கிறது. கேள்வி ஒன்றுதான் போட்டிருக்கிறீர்கள், ‘இது நிஜமா?’ என்று. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உள்ளே இன்னும் இரண்டு இருக்கின்றன. இயந்திரமே இல்லாத ஒரு கலம் கடல் போன்ற ஏரியில் எப்படிப் பிழைப்பு நடத்தியது? பார்ஜ் என்றால் அதற்கு மூன்று பாய்மரம் எதற்கு? இந்த இரண்டையும் சொன்னால்தான் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

நான் தூத்துக்குடிக்காரன். தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். ஓடாவிகள் என்ற தோணித் தச்சர்கள் ஏரா என்ற அடிக்கட்டையைப் போட்டு, வங்கு என்ற விலாக்கட்டைகளை நிறுத்துவதைப் பார்த்து வளர்ந்தேன். பிறகு கப்பல் கட்டுமானம் படித்து, பதினெட்டு ஆண்டுகளாக சுப்பீரியர் உள்ளிட்ட ஐந்து பெரிய ஏரிகள் பக்கம் பழைய மரக்கலங்களின் உடற்கட்டை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். நான் முக்குளிப்பவன் இல்லை. ஆகவே கீழே நான் சொல்வதில் தேதியும் இடமும் பதிவில் உள்ளவை. ஏன் அப்படி நடந்தது என்பது, மரக்கலம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவனின் ஊகம். எது எது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஏரி என்றதும் நம் மனதில் வீராணமோ செம்பரம்பாக்கமோ வந்து நிற்கும். சுப்பீரியரின் பரப்பு ஏறக்குறைய 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் மூன்று பங்கு. இங்கே புயல் என்றால் புயல்தான். இந்த ஐந்து ஏரிகளின் கரையெங்கும் ஒரு காலத்தில் வெள்ளைப் பைன் காடு நின்றது. மரம் வெட்டுவது பனிக்காலத்தில். அடிமரங்களை ஆற்றில் விட்டு மிதக்கவைத்துக் கொண்டுவந்து, ஆற்றுமுகத்தில் இருந்த ஆலைகளில் அறுப்பார்கள். மிச்சிகனின் சாகினா ஆற்றங்கரை ஆலைகள் மட்டும் 1882-இல் நூறு கோடி போர்டு அடிக்கு மேல் அறுத்துத் தள்ளின. நம் மரக்கடைக் கணக்கில், பன்னிரண்டு போர்டு அடி ஒரு கன அடி. அப்படியானால் எட்டுக் கோடி கன அடிக்கு மேல், ஒரே ஆற்றங்கரையில், ஒரே ஆண்டில். இந்தப் பலகை ஒரு பக்கம் சிகாகோவுக்குப் போயிற்று. இன்னொரு பக்கம் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் பஃபலோ, அதன் அருகே டொனவாண்டா ஆகிய ஊர்களுக்குப் போய், அங்கே கால்வாய்ப் படகுக்கு மாறி, கரையில் நடக்கும் குதிரையோ கோவேறு கழுதையோ இழுக்க, நியூயார்க் பக்கம் நகர்ந்தது.

இவ்வளவு பலகையை எதில் ஏற்றுவது? முதலில் ஸ்கூனர் என்ற பாய்க்கப்பல்கள்தான் ஏற்றின. பார்ஜ் வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1850-களில் இந்த ஏரிகளில் அரண்மனை போன்ற பயணிகள் நீராவிக் கப்பல்கள் ஓடின. ரயில் பாதை வந்தது, கூடவே 1857-இல் பெரிய பணமுடையும் வந்தது. அந்தக் கப்பல்கள் துறையில் சும்மா நின்று மக்க ஆரம்பித்தன. 1861 வாக்கில் பஃபலோவைச் சேர்ந்த ஜான் நோய்ஸ் என்பவர் ஒரு காரியம் செய்தார். அந்தக் கப்பல்களின் இயந்திரத்தைக் கழற்றி, மேல்மாடங்களை இடித்து, வெறும் தொட்டியாக்கி, பலகையை ஏற்றி, இரண்டு மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுவைப் படகால் இழுக்கச் செய்தார். அது லாபமாகப் போயிற்று. அதன்பின் வயதான பாய்க்கப்பல்களும் இதே வழிக்கு வந்தன. மேல் பாய்மரத்தைக் கழற்று, முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பத்தை வெட்டு, கயிற்றை மாட்டு. அடுத்த கட்டத்தில் தனியாக இழுவைப் படகு எதற்கு என்று, பலகை ஏற்றும் நீராவிக் கப்பலே தன் சரக்கோடு ஒன்றிரண்டு பார்ஜையும் பின்னால் இழுத்துக்கொண்டு போயிற்று. மைரன் அந்த வகை. இந்த மரக் கப்பல்களை ‘ஹூக்கர்’ என்பார்கள், பின்னால் வரும் பார்ஜை ‘கன்சார்ட்’ என்பார்கள். கன்சார்ட் என்றால் துணை, வாழ்க்கைத் துணை என்றும் பொருள் வரும். உங்களுக்குக் கதை சொன்னவரின் ‘துணையைத் தேடி’ என்ற பேச்சு இந்தச் சொல்லிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய கலங்களுக்கு மரச்சரக்கு ஏன் வாய்த்தது என்பதைத் தோணிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சிமென்ட் ஏற்றினால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. கோதுமை நனைந்தால் முளைவிடும், ஊதும். பலகை நனைந்தால் காய்ந்துவிடும். பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்று விட்டுப்போய், பொருத்துகளில் நாள் முழுக்கத் தண்ணீர் கசியும் கிழட்டுக் கலத்துக்கு வேறு எவன் சரக்குக் கொடுப்பான்? அதைவிடப் பெரிய விஷயம், சரக்கே மிதக்கும். வெள்ளைப் பைன் காய்ந்தபின் தண்ணீரின் எடையில் பாதிக்கும் குறைவு. நிலவறை என்ற கீழ்த்தளச் சரக்கறை முழுக்கப் பலகை அடைத்த கலம் ஓட்டை விழுந்தாலும் மேல்தளம்வரை அமிழ்ந்து, அப்படியே அரைகுறையாக மிதந்துகொண்டு நிற்கும். கவிழலாம், அலையில் உடையலாம், ஆனால் கல் போலப் போய் அடியில் உட்காராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. சரக்கு இலேசு என்பதால் நிலவறை நிரம்பியபின்னும் கலம் தாழாது. மிச்சத்தை மேல்தளத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கி, சங்கிலி போட்டு இறுக்குவார்கள். எடை மேலே ஏற ஏறக் கலம் தள்ளாடும். அடுக்கு ஒரு பக்கம் சரிந்தால் கதை முடிந்தது. புயலில் மேலடுக்கை வெட்டி ஏரியில் தள்ளிவிட்டு உயிர் பிழைத்த கப்பல்கள் இந்தத் தொழிலில் எத்தனையோ.

பாய்மரத்துக்கு வருகிறேன். இழுவைக் கயிறு அறுந்தால் பார்ஜுக்குத் தன் கையே தனக்கு உதவி. அப்போது இரண்டு சிறிய பாயையாவது விரித்து, காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கவேண்டும், அல்லது கரையிலிருந்து விலகவேண்டும். காற்று சாதகமாக இருந்தால் இழுக்கும்போதே பாயை ஏற்றிவிடுவார்கள். முன்னால் போகும் கப்பலுக்குக் கரி மிச்சம். சரக்கு ஏற்றி இறக்கவும் பாய்மரம் உதவும். ஆனால் முழுப் பாய்க்கப்பலுக்கு வேண்டிய ஆள்பலம் இதற்கு வேண்டாம். ஐந்தாறு பேர், சமையல்காரரையும் சேர்த்து, ஒரு பார்ஜை ஓட்டிவிடுவார்கள். முதலாளிக்குக் கூலி மிச்சம் அங்கேதான். அந்த ஐந்தாறு பேரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வேகமும் திசையும் முன்னால் போகிறவன் கையில்; சுக்கானைப் பிடித்து அவன் பின்னாலேயே போவதுதான் இவர்கள் வேலை. கயிறு அறுந்தால் மட்டும் திடீரென்று மாலுமிகளாக வேண்டும், அதுவும் ஆள் போதாத மாலுமிகளாக.

மிஸ்டெக் 1890-இல், செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் உள்ள மரீன் சிட்டியில் கட்டப்பட்டது. இருநூறு அடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், மூன்று பாய்மரம். பெயர் மெக்சிகோவின் ஒரு பழங்குடியினுடையது. பல இடங்களில் ‘ஸ்கூனராகக் கட்டப்பட்டு, பிறகு பார்ஜாக மாற்றப்பட்டது’ என்று படிப்பீர்கள். மூன்று பாய்மரம் இருந்தது உறுதி. தனியாகப் பாய் விரித்து ஓடிப் பிழைக்கும் எண்ணத்தோடு கட்டினார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். 1890 என்பது புதிதாகப் பாய்க்கப்பல் கட்டும் காலம் ஏறக்குறைய முடிந்துபோன ஆண்டு. அந்த நீளத்துக்கு அப்போது கட்டிய மரக்கலங்கள் பெரும்பாலும் இழுத்துப் போவதற்கென்றே கட்டியவை. பதிவேட்டில் மட்டும் ஸ்கூனர் என்று இருக்கும். என் கணிப்பில் மிஸ்டெக்கும் பிறந்ததிலிருந்தே கயிற்றின் பின்னால் நடந்ததுதான்.

மைரன் அதைவிட இரண்டு வயது மூத்தது. 1888-இல் மிச்சிகனின் கிராண்ட் ஹேவனில் ‘மார்க் ஹாப்கின்ஸ்’ என்ற பெயரில் இறங்கி, பின்னாளில் பெயர் மாறியது. நீளம் 186 அடி. இரண்டும் 1919 நவம்பர் 22 அன்று பலகை ஏற்றிக்கொண்டு மியூனிசிங்கிலிருந்து கிழக்கே பஃபலோவை நோக்கி வந்துகொண்டிருந்தன. நவம்பர் கடைசி இந்த ஏரியில் கெட்ட காலம். பருவம் முடியப்போகிறது, இன்னும் ஒரே ஒரு நடை என்று கிளம்புவார்கள். வடமேற்கிலிருந்து புயல் பிடித்தது, குளிர் விழுந்தது, தெறிக்கும் தண்ணீர் கப்பல்மேலேயே பனிக்கட்டியாக உறைந்தது. மைரனுக்குள் தண்ணீர் ஏறியது. பார்ஜையும் இழுத்துக்கொண்டு ஒயிட்ஃபிஷ் பாயின்ட்டைத் தாண்ட முடியாது என்று தெரிந்ததும் கேப்டன் வால்டர் நீல் கயிற்றை விட்டுவிட்டார். மிஸ்டெக் நங்கூரம் போட்டு நின்றது. மைரன் தொடர்ந்து போராடி, கொதிகலன் நெருப்பைத் தண்ணீர் அணைத்தபின் மூழ்கியது. வேறு இரண்டு கப்பல்கள் கிட்டே வந்தும் ஆட்களை எடுக்க முடியவில்லை. உயிர்ப்படகுகளில் இறங்கியவர்களைச் சுற்றிலும் மைரனின் பலகைகளே அலையில் எகிறிக்கொண்டிருந்தன. உதவிக்கு வந்தவர்களை நெருங்கவிடாமல் செய்ததில் அதற்கும் பங்கு உண்டு. படகுகளில் இருந்த அத்தனை பேரும் குளிரில் இறந்தார்கள். கப்பலோடு போவது என்று தங்கிய நீல், பிய்ந்து மிதந்த சுக்கானறைக் கூரைமேல் கிடந்து, ஏறக்குறைய இருபது மணி நேரத்துக்குப் பிறகு வேறொரு கப்பலால் மீட்கப்பட்டார்.

மரம் ஏற்றிய கலம் கல் போல மூழ்காது என்றேனே, மைரன் மட்டும் எப்படி மூழ்கியது? இங்கிருந்து என் ஊகம். மைரனும் மிஸ்டெக்கும் ஒரே சரக்கு, ஏறத்தாழ ஒரே வயது, ஒரே புயல். வித்தியாசம் பின்பகுதியில். மைரனின் பின்பகுதியில் இயந்திரம், கொதிகலன், நிலக்கரி என்று இரும்பும் கல்லுமாக எடை. மர உடலின் ஒரு முனையில் இவ்வளவு கனத்தை வைத்து முப்பத்தொரு வருடம் அலையில் ஆட்டினால், ஏரா முதுகு வளைந்து பொருத்துகள் வாய்திறக்கும். நான் சோதித்த பழைய மர நீராவிக் கலம் ஒவ்வொன்றிலும் இந்த வளைவைப் பார்த்திருக்கிறேன். அதன்மேல் உறைந்த பனிக்கட்டியின் எடை வேறு. மேல்தளப் பலகை அடித்துக்கொண்டு போனபின் மிதக்கவைக்கும் சரக்கில் ஒரு பகுதியும் போயிற்று. மிஸ்டெக்கில் அந்த இரும்பு இல்லை. அது ஓடவும் முயலவில்லை. நங்கூரத்தில் காற்றுக்கு முகம் காட்டி நின்றது. புயலை எதிர்த்து இன்னொரு கலத்தை இழுப்பது எவ்வளவு உடம்பை வாங்கும் என்று, மழைக்காலத்தில் தோணி இழுத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இழுபடுகிறவனுக்கு அந்தச் சிரமம் பாதி. ‘பார்ஜுக்கு அதிர்ஷ்டம்’ என்பதைவிட, அன்றைக்கு அதனிடம் மூழ்குவதற்கான சாமான் குறைவாக இருந்தது என்பேன்.

1921 மே மாதம் அது மாறியது. மிஸ்டெக் அப்போது ‘ஜில்லா’ என்ற நீராவிக் கப்பலின் பின்னால், ‘பெஷ்டிகோ’ என்ற இன்னொரு பார்ஜோடு, எதிர்த்திசையில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஏற்றியிருந்தது மரம் இல்லை, உப்பு. கிழக்கே பலகை கொண்டுபோன கலம் மேற்கே திரும்பும்போது கிடைத்ததை ஏற்றுவது தொழிலில் சாதாரணம். உப்பளத்து ஊர்க்காரனான எனக்கு இதைப் படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. உப்புக்கல் தண்ணீரைப்போல இரண்டு மடங்குக்கும் சற்று மேல் கனமானது. மரம் ஏற்றிய கலத்துக்குள் தண்ணீர் வந்தால் சரக்கு தாங்கும். உப்பு ஏற்றிய கலத்துக்குள் வந்தால் சரக்கே கலத்தைக் கீழே இழுக்கும், ஈரத்தில் கரைந்து இடம் மாறி ஒரு பக்கமாகச் சாய்க்கவும் செய்யும். முப்பத்தோரு வயது மர உடம்புக்குக் கசிவு இல்லாமல் இராது. மே 13 அன்று பனிப்புயலில் மிஸ்டெக் இழுவையிலிருந்து அறுபட்டுப் பிரிந்து மூழ்கியது. அதிலிருந்த யாரும் பிழைக்கவில்லை. பெஷ்டிகோ தப்பியது. அந்தப் பெயர் விஸ்கான்சினில் உள்ள ஒரு மர ஊரினுடையது. 1871 அக்டோபர் 8 அன்று, சிகாகோ எரிந்த அதே நாளில், மரம் வெட்டிப் போட்ட கழிவும் வறண்ட காடும் பற்றி, அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிகாகோ தீ எல்லோருக்கும் தெரியும், பெஷ்டிகோவை இங்கே அடுத்த மாநிலத்துக்காரனே மறந்துவிட்டான்.

இப்போது ‘அதே இடம்’ என்பதற்கு வருவோம். மிஸ்டெக்கின் சிதைவு 1983-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மைரனுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. அது கதை இல்லை, உண்மை. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஏரி கிழக்கே வர வரக் குறுகுகிறது. மேற்கேயும் வடமேற்கேயும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த தண்ணீர். அங்கே கிளம்பும் அலை வளர்ந்து வளர்ந்து இந்தத் தென்கிழக்கு மூலையில்தான் வந்து இறங்கும். சுப்பீரியரிலிருந்து கீழ் ஏரிகளுக்குக் கப்பலை இறக்கும் சூ மதகுக்குப் போகும் எல்லாக் கப்பலும், வரும் எல்லாக் கப்பலும், இந்த முனையைச் சுற்றித்தான் ஆகவேண்டும். முனைக்கு இந்தப் பக்கம் விரிகுடாவில் ஒதுங்கிவிட்டால் பிழைப்பு, அந்தப் பக்கம் மாட்டினால் கரைதான். ஒதுங்கும் இடம் ஒன்றே என்பதால் எல்லோரும் அதன் வாசலிலேயே சாகிறார்கள். 1975-இல் இருபத்தொன்பது பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பலும் இந்த விரிகுடாவை எட்டிப்பிடிக்க ஓடிவந்ததுதான். அதன் மணியைப் பார்க்கத்தான் ஒயிட்ஃபிஷ் பாயின்ட்டில் உள்ள கப்பல் அருங்காட்சியகத்துக்குப் பலர் வருகிறார்கள். மிஸ்டெக்கை இழுத்த ஜில்லாவும் 1926-இல் சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்து இதே முனைக்கு அருகில் மூழ்கியது. அதன் ஆட்கள் மட்டும் காப்பாற்றப்பட்டார்கள். அதையும் ‘துணை தேடிப் போயிற்று’ என்று சேர்த்தால் மூன்றாகிவிடும். ஒரு குறுகலான வாசலில் ஒரே தொழிலைச் செய்த, ஒரே வயதான மூன்று மரக்கலங்கள் போயிருக்கின்றன. இரண்டு சிதைவுகள் ஒட்டினாற்போல் கிடப்பது அபூர்வம்தான்; சாபம் என்று சொல்லும் அளவுக்கு அபூர்வம் இல்லை.

அதற்குள் தொழிலும் முடிந்துகொண்டிருந்தது. காடு தீர்ந்தது, தெற்கு மாநிலப் பைன் ரயிலில் வந்தது, எஃகுக் கப்பல்கள் தாதுவையும் கரியையும் எடுத்துக்கொண்டன. எஞ்சிய மரக்கலங்கள் ஓடுகிறவரை ஓடின. யாரும் புதிதாகக் கட்டவில்லை, அதனால் ஓடியவை எல்லாம் கிழங்கள். 1875-இல் கட்டிய ‘அவர் சன்’ என்ற மூன்று பாய்மர ஸ்கூனர் 1930-இல் மிச்சிகன் ஏரியில் போனதோடு வேலை செய்யும் பாய்க்கப்பல் காலமே இங்கே முடிந்தது என்பார்கள். மரக்கப்பல் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் அந்தக் கப்பல்களோடே போய்விட்டன. எங்கள் ஊரில் இப்போது நடப்பதும் அதுதான், அதைப் பேச ஆரம்பித்தால் பதில் வேறு எங்கோ போய்விடும்.

போய்ப் பார்க்கமுடியுமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். முடியும். மைரனும் மிஸ்டெக்கும் ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் கிடக்கின்றன, பயிற்சி பெற்றவர்கள் இறங்குகிறார்கள். நம் கடலில் என்றால் கப்பல்புழு இதற்குள் மரத்தைத் தின்று தீர்த்திருக்கும். நன்னீரில் அந்தப் புழு இல்லை, குளிரில் மரம் மக்குவதும் மெதுவாகத்தான். ஆனாலும் இவ்வளவு ஆழம் குறைவான இடத்தில் அலையும் பனிக்கட்டியும் அரைப்பதால், முழுக்கப்பலாக நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்; பரந்து கிடக்கும் பலகையும் இரும்பும்தான். ஆகஸ்டிலும் தண்ணீர் உறைய வைக்கும், அதற்குரிய உடை வேண்டும். ஓர் ஆணியைக்கூட எடுத்து வராதீர்கள், மிச்சிகன் சட்டப்படி அது குற்றம். இறங்கமுடியாவிட்டால் முனையில் நின்று மேற்கே பாருங்கள், காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும் ஒரு நாளில். நீங்கள் போனது ஜூலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்டோபர் கடைசியில் இன்னொரு முறை போய்வாருங்கள்.